உறையக் கூடாத பாட்டில்

பாட்டில் வரவில்லை.

மாப்பிள்ளை இடது கையால் ஃப்ரிட்ஜின் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் இழுத்துப் பார்த்தான். ஃப்ரிட்ஜ்தான் அவனோடு ஓரடி நகர்ந்து வந்தது. பாட்டில் ஃப்ரீசரின் தரையோடு ஒட்டிக்கொண்டு, எழுப்பினாலும் எழாத ஆள் மாதிரி படுத்தே கிடந்தது.

குனிந்து பார்த்தான். கண்ணாடிக்குள் ஒரே வெள்ளை. மூடியைத் திருகிவிட்டுச் சுண்டுவிரலை நுழைத்தான். விரல் நுனி இடித்தது. கல்.

அவனுக்கு வியர்த்தது. ஃப்ரீசருக்குள் தலையை விட்டுக்கொண்டு வியர்த்த முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான்.

மாப்பிள்ளை என்பது அவனுக்கு வைத்த பெயரில்லை. பெண் எடுத்த வீட்டிலேயே தங்கிவிட்டதால் மாமனார் கூப்பிடுவது தெருவுக்குப் பரவி, அவன் சுமை தூக்கும் டைல்ஸ் கிடங்குக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. முதுகில் பெட்டியை ஏற்றும்போதுகூட, "மாப்பிள்ளை, பார்த்து இறக்கு" என்பார்கள். மரியாதை வார்த்தையில் இருந்தது, பாரம் முதுகில் இருந்தது.

பாட்டில் மாமாவுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்த மனிதர். அந்தப் பாட்டிலை வாங்கி வந்தது அவருடைய மகன், தன் முதல் சம்பளத்தில். தண்ணீர் போலத் தெளிந்த வெள்ளைச் சரக்கு. லேபிளில் ஒரு கப்பல். அன்று சாயங்காலம் அப்பனும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். கொஞ்சம்தான் குறைந்தது. அதற்குள் பேச்சு ஜன்னல் பக்கம் போய்விட்டது. ஜன்னல் கொக்கி உடைந்திருந்தது. மகன் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தான் என்று அப்பா சொன்னார். ஆள் வரச் சொல்லியிருப்பதாக அப்பாதான் சொன்னார் என்று மகன் சொன்னான். கொக்கியில் தொடங்கிய பேச்சு சம்பளத்துக்கு ஏறி, வளர்த்த விதத்துக்கு ஏறி, பிறப்பு வரைக்கும் ஏறியது. மகன் ஜன்னலை ஓர் உதை உதைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான். அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அப்புறம் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் மகனுக்குத் தகவல் போனது.

அன்றிலிருந்து வருஷக்கணக்காக ஜன்னலைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார் மாமா. மழை பெய்தால் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டும். கீழே ஒரு வாளி. மாப்பிள்ளை கொக்கி வாங்கி வந்து மாட்டப் போன அன்று மாமா குறுக்கே வந்து நின்றார்.

"கைய எடுங்க மாப்பிள்ளை. அவன் வந்து மாத்தட்டும்."

"அவரு வரலைன்னா மாமா?"

"நனையட்டும்."

பாட்டிலுக்கும் அதே சட்டம்தான். மிச்சச் சரக்கு ஃப்ரீசரில் கிடந்தது. "குடிச்சுப் பிரிஞ்சோம், குடிச்சே சேருவோம். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லி வைத்திருந்தார். அத்தை போனதற்கப்புறம் மாமா குடித்து யாரும் பார்த்ததில்லை. வெளியே எங்காவது குடிக்கிறாரா என்று கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை.

மாப்பிள்ளை தொட்டுவிட்டான். போன மழைக்காலத்தில் கிடங்கில் அவனுக்குத் தோள்பட்டை பிசகியது. மருந்து தடவினால் தோல் எரிந்ததே தவிர வலி போகவில்லை. ஒரு மத்தியானம், மாமா தூங்கும் நேரம், மனைவி தையல் வேலைக்குப் போயிருந்த நேரம், ஃப்ரீசரைத் திறந்தான். ஒரு மூடி. எண்ணெய் போல வழுவழுவென்று இறங்கிப் போய், தோளில் கட்டியிருந்த முடிச்சை யாரோ மெதுவாக அவிழ்ப்பது போல இருந்தது. எடுத்த ஒரு மூடிக்கு ஒரு மூடி தண்ணீரை ஊற்றி வைத்தான். அதற்குப் பிறகும், வலி தாங்காத நாட்களில் மட்டும், அப்படியே. எண்ணி எடுத்து எண்ணி வைக்கிற வேலைக்காரனுக்கு அது திருட்டாகத் தெரியவில்லை. பெட்டிக்குப் பெட்டி மாற்றுவதாகத்தான் தெரிந்தது.

போன வாரம் மகன் போனில் கூப்பிட்டான். அத்தனை வருஷத்தில் முதல் முறை. மாமா போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு வெகுநேரம் முனகினார். பாதிப் பேச்சில் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டது. வயதான மனுஷன் அழுதுவிட்டு முகம் கழுவுகிறார் என்று மகளும் மாப்பிள்ளையும் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்தபோது கண் சிவந்துதான் இருந்தது.

"வர்றான். ஞாயித்துக்கிழமை. பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வர்றான்."

இன்று வெள்ளிக்கிழமை. பாட்டில் கல்லாகிவிட்டது.

மாப்பிள்ளை அடுப்பில் வெந்நீர் போட்டான். ஃப்ரீசருக்குள்ளேயே பாட்டிலின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். பாட்டில் அசையவில்லை. லேபிள் அசைந்தது. கப்பல் மெல்ல நகர்ந்து, கண்ணாடியை விட்டுக் கழன்று அவன் கையோடு வந்தது. ஊற்றிய வெந்நீரோ ஃப்ரீசர் தரையில் பரவி அங்கேயே உறைந்தது. முன்பு ஒட்டிக்கொண்டிருந்த பாட்டில் இப்போது புதைந்தே போய்விட்டது.

ஈரக் கப்பலை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தான். மாமா எழுந்துவிடக் கூடாதே என்று அதன் பிடியில் துணியைச் சுற்றி, உள்ளங்கையால் தட்டினான். ஐஸ் கட்டி தெறித்தது. இன்னொரு தட்டு. இன்னொன்று.

"உஸ்ஸ்ஸ்."

பாம்பு என்று நினைத்துப் பின்னால் துள்ளினான். பாம்பில்லை. ஃப்ரீசரின் சுவருக்குள் ஓடுகிற கேஸ் குழாயில் ஓட்டை. அந்தச் சத்தம் நீளமாக வந்து, மெலிந்து, நின்றது. நோயாளி கடைசி மூச்சு விட்டு முடித்தது போல இருந்தது. மாப்பிள்ளை விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றான். அடைப்பதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

தெருமுனையில் கடை வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைத் தெருவே 'ஜில்லு' என்று கூப்பிடும். மாப்பிள்ளைக்குக் கூட்டாளி. குடையில்லாமல் ஓடிப்போய்க் கூப்பிட்டதும், டார்ச்சோடு வந்து ஃப்ரீசருக்குள் பார்த்தான்.

"யாருடா குத்துனது?"

"அதுவா போயிடுச்சுடா."

"அதுவா போனா ஓட்டை உள்ளேர்ந்து வெளிய இருக்கும். இது வெளியேர்ந்து உள்ள போயிருக்கு. நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர். உன் பின்பாக்கெட்ல இருக்கே, அதேதான்."

மாப்பிள்ளை பின்பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டான். அப்புறம் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். ஜில்லு கேட்டுக்கொண்டே பாட்டிலை டார்ச்சால் தட்டினான்.

"சரக்கு வீட்டு ஃப்ரிட்ஜ்ல உறையாதுடா. கெட்டியாகும், அவ்வளவுதான். இது உறைஞ்சிருக்குன்னா உள்ள இருக்கறது சரக்கு இல்ல. தண்ணி. எவ்வளவு எடுத்தே?"

"மூடியிலதான்டா. அதுவும் வலி இருந்தப்ப மட்டும். போன வாரம்கூட எண்ணெய் மாதிரி விழுந்துச்சுடா."

"மூடிக் கணக்குல இப்படிக் கல்லாகாது."

"சத்தியமா மூடிதான்."

"நீ எண்ணினது மூடி. குடிச்சது டம்ளர். எங்க வீட்லயும் அதே கணக்குதான்."

மாப்பிள்ளை யோசித்துப் பார்த்தான். வலியில்லாத நாள் என்று ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ஜில்லு சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. மாமா அத்தனை வருஷம் காத்து வைத்ததை, அப்பனும் மகனும் சேர்வதற்கென்று வைத்ததை, மூடி மூடியாக அவனே குடித்துத் தீர்த்திருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்தான். தோள் வலித்தது.

"ஏன்டா ஜில்லு, ஃப்ரீசர்ல வச்சா சரக்கு எத்தனை வருஷம் கெடாம இருக்கும்?"

"ஆயுசுக்கும் இருக்கும்."

"நிஜமாவா?"

"குடிக்கறவன் இல்லாத வீட்ல."

அந்த நேரம் பார்த்து மனைவி வந்துவிட்டாள். கையில் ஒரு பை நிறையக் கறி. அண்ணன் வருகிறான் என்று தையல் கூடத்தில் பாதி நாள் லீவு கேட்டு வாங்கி வந்திருந்தாள். தரையில் தண்ணீர், திறந்த ஃப்ரிட்ஜ், ஜில்லு, புருஷன் என்று வரிசையாகப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"எலி" என்றான் ஜில்லு, உதவி செய்வதாக நினைத்து.

"எங்க?"

"ஃப்ரீசர்ல. கேஸ் குழாயக் கடிச்சிடுச்சு."

"ஃப்ரீசருக்குள்ள எலியா? என்ன, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்துச்சா?"

ஜில்லு டார்ச்சை அணைத்தான். "ஃப்ரீசருக்குப் புதுத் தகடு வரவழைக்கணும் தங்கச்சி. திங்கட்கிழமைக்கு முன்னாடி ஆகாது" என்று சொல்லிவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தான்.

அவள் கறிப் பையைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். "அண்ணன் இந்த வீட்டை விட்டுப் போனப்ப ஒரு கொக்கிதான் உடைஞ்சிருந்துச்சு. திரும்பி வரும்போது என்னென்ன உடையணுமோ எல்லாத்தையும் உடைச்சு வைங்க" என்றாள். குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் அதிகம் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

பேச்சுச் சத்தத்தில் மாமா எழுந்து வந்தார். மாப்பிள்ளை சுவரோடு சுவராக நின்றான். விஷயத்தைக் கேட்டுவிட்டு மாமா ஃப்ரீசருக்குள் எட்டிப் பார்த்தார். பார்வை பாட்டிலின் மேல் நின்றது.

"நல்லதாப் போச்சு" என்றார் மாமா.

"என்ன மாமா?"

"ஃப்ரிட்ஜ் போனது போகட்டும். பாட்டில் தன்னால இளகி வரட்டும். வந்ததும் எடுத்துக் கூடத்து மேசையில வைங்க. யாரும் உள்ள இருக்கறதத் தொட வேண்டாம்." சொல்லிவிட்டு, நிம்மதியானவர் போல மறுபடி படுக்கப் போனார்.

மனைவி அப்பா போன திசையையே பார்த்தாள். "இவருக்கு என்ன ஆச்சு? முந்தாநாள் டம்ளர் உடைஞ்சதுக்கு அந்தக் கத்துக் கத்துனாரு."

கத்துகிற மாமாவை மாப்பிள்ளைக்குத் தெரியும். கத்தாத மாமாவை அவன் பார்த்ததே இல்லை.

சாயங்காலத்துக்குள் பாட்டில் கழன்று வந்தது. ஐஸும் இளகியிருந்தது. கொல்லைப்புறம் கொண்டுபோய் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தான். மூக்குக்குப் பழைய வாசனை கொஞ்சம் வந்தது. நாக்குக்கு ஒன்றுமே வரவில்லை. குழாயில் வாய் வைத்துக் குடித்தது போல இருந்தது. லேபிள் போன பக்கத்தைச் சுவருக்குத் திருப்பிக் கூடத்து மேசையில் வைத்தான்.

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, கிடங்கில் ஒரு பெட்டியைக் கீழே போட்டான். "மாப்பிள்ளைக்கு விருந்து நெனப்பு" என்று ஆட்கள் சிரித்தார்கள். வேலை விட்டதும் நேராக ஜில்லுவின் கடைக்குப் போனான்.

"உண்மையச் சொல்லிடவாடா?"

"என்னன்னு சொல்லுவே? உங்க மகனை நான் குடிச்சிட்டேன்னா?"

"அப்ப வேற என்னதான் பண்றது?"

"பாட்டில் அதே பாட்டில். வெள்ளைச் சரக்குக்கு நிறமா இருக்கு? வாங்கி ரொப்பு. அத்தனை வருஷத்துக்கு முன்னாடி குடிச்ச ருசி எவனுக்குடா ஞாபகம் இருக்கும்?"

இருவரும் சரக்குக் கடைக்குப் போனார்கள். அந்தக் கப்பல் சரக்கு நின்றுபோய் வெகுகாலம் ஆயிற்று என்றார் கடைக்காரர். வெள்ளையில் வேறு நாலைந்தை எடுத்து வைத்தார்.

"இதுல எது உறையாது?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எது இனிக்கும் என்று கேட்டிருக்கிறார்கள், எது தலைவலிக்காது என்று கேட்டிருக்கிறார்கள். உறையாதது கேட்டவன் இவன்தான்.

"ஃப்ரிட்ஜே செத்துக் கிடக்கு. அதுல எங்கடா உறையப் போவுது?" என்றான் ஜில்லு.

"திங்கட்கிழமை ரிப்பேர் ஆயிடும்ல? மிச்சம் வச்சா? மறுபடி உறைஞ்சா?" கல்லான பாட்டிலை ஒரு முறை பார்த்தவனுக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. "இருக்கறதுலயே கடுசானதைக் குடுங்க."

கடைக்காரர் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசியைத் துடைத்தார். "இத அப்படியே குடிக்கக் கூடாது தம்பி. கொஞ்சமா ஊத்தி, நிறையத் தண்ணி கலந்து குடிக்கணும். தீக்குச்சியக் காட்டுனா எரியும். உலகத்துல எந்த ஃப்ரிட்ஜும் இத ஒண்ணும் பண்ணாது."

பையில் இருந்தது மொத்தமும் போயிற்று.

மாமா குளிக்கப் போன நேரத்தில் மாப்பிள்ளை பாட்டிலில் இருந்ததைக் கொல்லையில் கவிழ்த்தான். புதியதைப் பழைய மட்டம் வரைக்கும் ஊற்றினான். ஊற்றும்போதே கண் கரித்தது. பிறகு, காய்ந்து சுருண்டிருந்த லேபிளை அலமாரிக் கண்ணாடியிலிருந்து உரித்துப் பசை தடவி ஒட்டினான். அவசரத்தில் அது கோணலாகப் போய் உட்கார்ந்தது. கப்பல் முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் முழுகிக்கொண்டிருந்தது. திரும்ப உரிக்கப் பார்த்தான். கிழியும் போல இருந்தது. விட்டுவிட்டான்.

துண்டோடு வந்த மாமா மேசையின் முன்னால் நின்றார். குனிந்து லேபிளைப் பார்த்தார்.

"கப்பல் சாய்ஞ்சிருக்கே."

"அது... ஃப்ரிட்ஜ் ஈரத்துல மாமா..."

"ம். நான்தான் அன்னிக்கு ஈரக் கையோட..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு, தலையைத் துவட்டியபடி உள்ளே போய்விட்டார். அவர் எதற்கு அதைத் தொட்டார் என்று யோசிக்கும் நிலையில் மாப்பிள்ளை இல்லை. தப்பித்தோம் என்பதே அவனுக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. மகன் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. காற்றில் மடங்கிப்போன குடை. அதற்குக் கீழே ஒடிசலான ஒரு பெண், கையில் பெட்டி. மகனும் இளைத்திருந்தான். கன்னம் ஒட்டி, தெளிந்த கண்ணோடு, நீண்ட காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவன் போல இருந்தான்.

அப்பாவும் மகனும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்த மகள் கதவோரம் ஒதுங்கி இடம் விட்டாள். அந்த இடம் காலியாகவே இருந்தது.

"வந்துட்டியா."

"வந்துட்டேன்ப்பா."

"மழையா."

"மழைதான்."

மகன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். அம்மா உட்காரும் மூலையைப் பார்த்துவிட்டு வேகமாகக் கண்ணைத் திருப்பினான். ஜன்னலின் கயிற்றைப் பார்த்தான். கீழே வாளியில் சொட்டுச் சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது.

"மச்சான், சௌக்கியமா?" என்று மாப்பிள்ளையின் தோளைத் தொட்டான். வலிக்கிற தோள். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

வந்த பெண் யாரும் சொல்லாமலே சமையலறைக்குள் போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். "நீங்க வந்த காலோட எதுக்கு அண்ணி?" என்று மனைவி தடுத்தாள். "சும்மா இருந்தா கை நடுங்குது" என்றாள் அந்தப் பெண். "இந்த வீட்டைப் பத்தி இவரு சொல்லிச் சொல்லிப் பயந்துகிட்டேதான் வந்தேன்."

கூடத்தில் மாமா இரண்டு டம்ளர்களை வைத்தார். பாட்டிலைத் தூக்கினார். மகனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டியது போல இருந்தது. ஜன்னல் சாரல் பட்டிருக்கும் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டான்.

"குடிச்சுப் பிரிஞ்சோம்" என்றார் மாமா, எல்லாரும் கேட்கட்டும் என்று.

"குடிச்சே சேருவோம்" என்றான் மகன். சொல்லும்போதே அவனுக்கு உதட்டோரம் சிரிப்பு.

மாமா ஊற்றினார். கால் டம்ளர். அரை. முக்கால். நிறுத்தவில்லை. விளிம்பு வரைக்கும் ஊற்றினார். இரண்டாவது டம்ளரும் அப்படியே. தீக்குச்சியைக் காட்டினால் எரியும் என்று கடைக்காரர் சொன்னது மாப்பிள்ளையின் காதில் கேட்டது.

"மாமா, கொஞ்சம் தண்ணி கலந்துக்கலாமே..."

"இதுக்கு எதுக்கு மாப்பிள்ளை தண்ணி?"

அப்பனும் மகனும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். வாய்விட்டு, தோள் குலுங்க. அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தான் செய்தது திருட்டானாலும் முடிவு நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

இருவரும் டம்ளரைத் தூக்கினார்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது போல, அண்ணாந்து, ஒரே மடக்கில், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்கள்.

சிரிப்பு நின்றது.

மாமாவின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. மகன் இருமினான். இருமல் நிற்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டான். இருவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. மாமா காலி டம்ளருக்குள் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"நீயாடா?" என்றார், குரலே வராமல்.

"நான் எப்படிப்பா? நீங்கதானே?"

"நான் இல்லடா."

"அப்ப யாரு?"

பழைய பாக்கியைப் பேசித் தீர்க்கிறார்கள், தப்பு யாருடையது என்று கேட்டுக்கொள்கிறார்கள் என்று மாப்பிள்ளை சமையலறை வாசலுக்குப் பின்வாங்கினான். சரக்கு மாறியது தெரியவில்லை, அது போதும். நடுவில் நிற்பது மரியாதையில்லை.

அப்பாவும் மகனும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். வெகுநாள் கழித்து வாசலில் வந்து நிற்கிற ஒருத்தனைப் பார்ப்பது போல. உள்ளே கூப்பிடுவதா, கதவைச் சாத்துவதா என்று தெரியாதது போல.

இரண்டாவது சுற்றை யார் ஊற்றியது என்று மாப்பிள்ளை பார்க்கவில்லை. ஊற்றுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் மூன்றாவது.

"அந்தக் கொக்கிய இன்னும் மாத்தலியா நீங்க?" இது மகனின் குரல். சொல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"நீ மாத்தறேன்னு சொன்னவன்டா!"

"நீங்கதான் ஆள் வரச் சொல்லிருக்கேன்னு சொன்னீங்க!"

"யாருகிட்டடா சத்தம் போடறே? உங்கம்மா இந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே..."

"அம்மாவைப் பேசாதீங்க!"

நாற்காலி ஒன்று கீழே விழுந்தது. மனைவியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "என்னங்க இது" என்றாள் மெதுவாக. "அன்னிக்கு மாதிரியே இருக்கே. அதே பேச்சு, அதே வரிசை. போய்ப் பாருங்களேன்." அவன் வாசலிலேயே நின்றான். அவளே கரண்டியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

ஜன்னல் பக்கம் கயிறு அறுபடும் சத்தம் கேட்டது. மழை உள்ளே கொட்டியது. வாளி உருண்டது.

ஓடின நாத்தனாரையும் வாசலில் நிற்கிற மாப்பிள்ளையையும் பார்த்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து இல்லாத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. ஈரக்கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னாள்:

"பயப்படாதீங்க அண்ணா, சும்மா நடிக்கிறாங்க, ரெண்டு பேருமே குடிய விட்டு வருஷக்கணக்காச்சு, அந்தச் சரக்கையும் மாமா போன வாரமே கொட்டிட்டுக் குழாய்த் தண்ணிய ரொப்பி வச்சிட்டாரு — போன்ல அந்தத் தண்ணிச் சத்தத்தைக் கேட்டப்புறம்தான் இவரு இந்த வீட்டுக்கு வரவே ஒத்துக்கிட்டாரு."